காலை 7:22-க்கு எழுதிய எண்கள்

எங்கள் வேளாண்மைக் கல்லூரியின் வானிலை நிலையம் என்பது கம்பி வேலி போட்ட ஒரு புல்தரை. உள்ளே வெள்ளைப் பெயின்ட் அடித்த மரக்கூண்டு, மழைமானி, ஆவியாதலை அளக்கும் வட்டத் தொட்டி, காற்றுமானி, காற்றுத் திசைகாட்டி. கேட்டில் தொங்கும் பலகையில் அளவு எடுக்க வேண்டிய நேரங்கள் எழுதியிருக்கும்: காலை 7:22, பிற்பகல் 2:22.

முதலாமாண்டில் வேளாண் வானிலையியலின் முதல் பிராக்டிகல் வகுப்பு அங்கேதான் நடந்தது. "ஏழு மணின்னே வெச்சிருக்கலாமே மேடம், அது என்ன இருபத்திரண்டு நிமிஷம்?" என்று என் தோழி கேட்டாள். மேடம் உடனே பதில் சொல்லவில்லை. "கோயம்புத்தூர் எந்தத் தீர்க்கரேகையில இருக்குன்னு பாத்துட்டு நாளைக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் அட்லஸை விரித்து உட்கார்ந்தோம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை ஏறக்குறைய 77 டிகிரியில் இருக்கிறது. இடையில் 5.5 டிகிரி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. பெருக்கினால் 22 நிமிடம். அதாவது கடிகாரம் 7:22 காட்டும்போதுதான் எங்கள் ஊரின் சூரியக் கணக்குக்கு மணி ஏழு. 82.5 என்ற எண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அதை வைத்து நானாக ஒரு கேள்விக்கு விடை கண்டது அன்றுதான்.

இந்தப் பாடத்தைப் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் வந்து, எதைப் படித்தால் பாஸ் ஆகலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பாடம் ரெக்கார்டு நோட்டில் வராது. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் நின்று, கண்ணால் பார்த்த எண்ணை எழுதி, அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்கும்போதுதான் வரும்.

முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு மதிப்பெண் குறைவு. வளிமண்டல அடுக்குகளின் பெயர்கள், உயரங்கள், வாயுக்களின் சதவீதம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் வந்த கேள்வி வேறு: "மேலே போகப் போகச் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், பிறகு ஏன் குளிர்கிறது?" ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன். அது எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் பதில். ஏன் என்பதற்கு இல்லை. சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றைக் கடந்து வந்து தரையைச் சுடவைக்கிறது. தரைதான் தன்மேல் இருக்கிற காற்றைச் சூடாக்குகிறது. அப்படிச் சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரிவதாலேயே குளிர்கிறது. இந்த மூன்று வாக்கியங்களை எழுதியிருந்தால் போதும். கோவை 410 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240 மீட்டர், இடைவெளியை 6.5-ஆல் பெருக்கினால் 12 டிகிரி வரும். மே மாதத்தில் ஊட்டிக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு டிகிரி நன்றாகவே தெரியும்.

அப்புறம் எங்களை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வாரம் அளவு எடுக்கும் வேலை கொடுத்தார்கள். நிலையத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஒருவர் இருந்தார். இந்தப் பாடத்தில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான் என்பேன்.

மரக்கூண்டுக்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. பக்கங்களில் இரட்டைச் சட்டப் பலகை. காற்று உள்ளே வரும், வெயில் வராது. கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் வெப்பமானிமேல் விழக் கூடாது என்பதற்காக. உள்ளே நான்கு வெப்பமானிகள்: உலர் குமிழ், ஈரக் குமிழ், அதிகபட்சம், குறைந்தபட்சம்.

நான் கதவைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகப் படித்தேன். அண்ணா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். "அம்மிணி, உங்க மூச்சுக்காத்தும் சூடுதானுங்க. முதல்ல புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணப் பாருங்க. முழு எண்ண மெதுவாப் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடாது." அவர் சொன்னது உலகம் முழுக்கப் பின்பற்றுகிற முறை. நாம் பக்கத்தில் நிற்கிற சில நொடிகளிலேயே பத்தில் ஒரு பங்கு டிகிரி ஏறிவிடலாம். அதனால் முதலில் தசமம், பிறகு முழு எண். கண் பாதரச மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு எண், கீழிருந்து பார்த்தால் ஒரு எண் வரும்.

ஒரு தசமத்துக்கா இவ்வளவு என்று அன்றைக்குத் தோன்றியது. சில வாரம் கழித்து வகுப்பில் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸைப் பற்றிச் சொன்னார்கள். 1961-ல் கணினியில் ஒரு வானிலைக் கணக்கைத் திரும்ப ஓட்டும்போது 0.506127 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே போன கணக்கு பிறகு முற்றிலும் வேறு வானிலைக்குப் போய்விட்டது. நீண்ட நாள் முன்னறிவிப்பு ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கான விதை அங்கே இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு அண்ணா சொன்ன புள்ளிக்கு அப்புறம் வரும் எண்தான் ஞாபகம் வந்தது.

இனி ஈரக் குமிழ். நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இது.

ஈரக் குமிழ் வெப்பமானியின் அடியில் மஸ்லின் துணி சுற்றி, ஒரு திரி வழியாகச் சின்னப் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஏறும்படி வைத்திருப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு அதிகம் ஆவியாகும், அவ்வளவு அதிகம் குளிரும். இரண்டு வெப்பமானிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் கிடைத்துவிடும்.

மார்ச் மாதம், மதியம் 2:22. உலர் குமிழ் 35.2, ஈரக் குமிழ் 35.0. அட்டவணையைப் பார்த்து ஈரப்பதம் 99 சதவீதம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நேத்து மத்தியானம் அங்க நின்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்ல வெயில், தொண்டை வறண்டு போனது என்றேன். "நீ எழுதியிருக்கிற எண் உண்மையா இருந்தா உன் வியர்வை உலர்ந்திருக்காது. ஈரக் குமிழ் முப்பத்தஞ்சு டிகிரியில, நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களே நிழல்ல சில மணி நேரத்துக்கு மேல தாங்க முடியாதுன்னு கணக்கு. நீ தொண்டை வறண்டுச்சுங்கிற. ரெண்டுல எது சரி?" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாட்டிலில் தண்ணீர் இல்லை. துணி காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. ஈரக் குமிழ் இன்னொரு உலர் குமிழாகவே வேலை செய்திருக்கிறது. துணியை மாற்றி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, அடுத்த நாள் அதே நேரத்துக்கு எடுத்தபோது உலர் குமிழ் 35.0, ஈரக் குமிழ் 21.5. ஈரப்பதம் சுமார் 30 சதவீதம். என் தொண்டை சொன்னதும் அதுதான்.

அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதும் முன்பும் வெளியே நிமிர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எண்ணும் உடம்பும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா, துணி சுத்தமா, குமிழைத் துணி முழுதாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் சில நாளிலேயே துணி விறைத்துவிடும்.

ஈரப்பதத்தைப் பற்றி இன்னொன்று. காலையில் 90 சதவீதம், மதியம் 45 சதவீதம் என்று இருந்தால் நடுவில் பாதி நீராவி எங்கே போனது என்று பலரும் குழம்புவார்கள். பெரும்பாலும் எங்கும் போவதில்லை. காலையில் 22 டிகிரி என்றால், காற்றில் நீராவி அழுத்தம் அதிகபட்சம் சுமார் 26 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரைதான் போக முடியும். மதியம் 34 டிகிரியில் அந்த எல்லை சுமார் 53. தண்ணீர் அதே அளவுதான், டம்ளர் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. அதனால் பாதி டம்ளர் என்கிறோம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்தக் கேள்வி வராமல் இருந்ததே இல்லை என்று சீனியர்கள் சொன்னார்கள். எனக்கும் வந்தது.

ஆவியாதல் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.2 மீட்டர் விட்டம், பறவை குடித்துவிடாமல் மேலே கம்பி வலை. மழை பெய்த நாளில் மட்டும் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். நீர்மட்டம் உயர்ந்திருந்தாலும் ஆவியாதல் நடந்துதான் இருக்கும், பெய்த மழையைக் கழித்துப் பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது சூரிய ஒளிமானி. ஒரு கண்ணாடிக் கோளம் வெயிலைக் குவித்து அட்டையில் கோடு கோடாகக் கருக்கும். மேகம் மறைத்த நேரத்தில் மட்டும் கோடு விட்டுப் போயிருக்கும். சாயங்காலம் அட்டையை எடுத்துப் பார்த்தால் அன்றைய வானம் முழுவதும் அதில் இருக்கும்.

மழைமானியில் நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் அளவுக் குவளை உடைந்து, ஸ்டோரில் இருந்து வேறொன்று கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு 42 மி.மீ. என்று வந்தது. பக்கத்து நிலையத்தில் 20-ஐ ஒட்டித்தான். மழை இடத்துக்கு இடம் மாறும்தானே என்று விட்டுவிட்டோம். அடுத்தடுத்த இரண்டு மழைக்கும் ஏறக்குறைய அதே இரண்டு மடங்கு. அண்ணா குவளையைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ.; குவளை 100 சதுர செ.மீ. வாய்க்கு உரியது. 1 மி.மீ. மழைக்கு எங்கள் மானியில் 20 மில்லிலிட்டர் சேரும், அந்தக் குவளையோ 10 மில்லிலிட்டரையே 1 மி.மீ. என்று காட்டும். குவளையில் அந்த எண் அச்சிட்டே இருந்தது. நாங்கள் யாரும் படிக்கவில்லை. புதுக் கருவி எது வந்தாலும், முதலில் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா பல்லடம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். போனில் கேட்டால், "நேத்து ராத்திரி ஒரு உழவு மழை கண்ணு" என்பார். அந்த அளவு எனக்குப் பிடிபடவே இல்லை. தீபாவளி லீவுக்குப் போனபோது ஒரு மழைமானி வைத்துக் கொடுத்தேன். இதற்குக் கடையில் வாங்கத் தேவையில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக இருக்கிற எந்தப் பாத்திரமும் போதும். உள்ளே தேங்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மி.மீ. பாத்திரம் பெரிதா சின்னதா என்பது கணக்கில் வராது. பக்கெட் மட்டும் வேண்டாம், அதன் வாய் அகலம், அடி குறுகல். மழையைக் கூட்டிக் காட்டும். மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்கு 4000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 25 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

ஆனால் அவர் சொன்ன ஒன்று எனக்குப் பாடமாயிற்று. ஒரு நாள் 30 மி.மீ. பெய்திருந்தது. "உழவுக்குக் காணாது" என்றார். எங்கள் செம்மண்ணில் அவர் ஒரு உழவு என்று சொன்ன மழைகள் பெரும்பாலும் 20, 25 மி.மீ. தான், அப்படியிருக்க 30 எப்படிப் போதாமல் போகும்? "அரை மணி நேரத்துல கொட்டிட்டு ஓடிருச்சு கண்ணு. மண்ணத் தோண்டிப் பாரு." தோண்டினேன். நாலு விரல்கடைக்குக் கீழே மண் உலர்ந்தே இருந்தது. மழைமானி வானத்திலிருந்து விழுந்ததை அளக்கிறது. உழவு மழை என்பது மண்ணுக்குள் இறங்கியதன் அளவு. விவசாயத்துக்கு இரண்டும் வேண்டும். என் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

காற்றுத் திசையில் பரீட்சையில் நிறையப் பேர் தவறுவார்கள். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கு நோக்கிப் போகும் காற்று என்று அம்பு போட்டுவிடுவார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நம் முன்னோர் வந்த திசையை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள், வானிலையியலும் அப்படியே வைக்கிறது.

மலை மழையைத் தடுத்துவிடுவதால் வறண்டிருக்கும் மழை மறைவுப் பிரதேசம் என்பதை மேடம் ஒரு கணக்காகப் போடச் சொன்னார். நீங்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 28 டிகிரியில் இருக்கும் காற்று மேற்கிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலை ஏறுகிறது. மேகமாகும்வரை கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிரும். 500 மீட்டரில் 23. அங்கே மேகம் உண்டாகத் தொடங்கினால், நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் குளிர்வது மெதுவாகும், கிலோமீட்டருக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். 2000 மீட்டர் உச்சியில் 14. மழையெல்லாம் மேற்குச் சரிவிலேயே பெய்துவிட்டது. இந்தப் பக்கம் இறங்கும்போது மீண்டும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகிறது. 400 மீட்டருக்கு வந்து சேரும்போது 30. ஏறும்போது இதே 400 மீட்டரில் அந்தக் காற்று 24 டிகிரியில் இருந்தது. ஆறு டிகிரி சூடு கூடி, ஈரத்தை இழந்து நம்மிடம் வருகிறது. ஒரே மாவட்டத்தில் வால்பாறை அருகே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாகவும், மலைக்குக் கிழக்கே சமவெளி வறண்டும் இருப்பதன் காரணம் என் நோட்டில் ஐந்து வரியில் வந்தபோது உடம்பு சிலிர்த்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலை ஏறாமலே நுழைகிற காற்றுதான் எங்கள் ஊர்ப் பக்கம் ஆடியில் அப்படி அடிக்கிறது. காற்றாலைகள் அங்கே வந்ததும் அதனால்தான்.

பரீட்சைக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமானால்: அலகுகளை எழுதாமல் விடாதீர்கள், மி.மீ.-யையும் செ.மீ.-யையும் மாற்றி எழுதாதீர்கள், கருவிப் படங்களை நேரில் பார்த்தபிறகு வரையுங்கள். மற்றபடி முந்தைய வினாத்தாள்கள் போதும்.

கடைசியாக, முன்னறிவிப்பைப் படிக்கும் விதம். "மழைன்னு சொன்னாங்க, ஒரு சொட்டுக் காணோம்" என்று அப்பா கோபப்படுவார். அறிக்கையில் இருந்தது "ஓரிரு இடங்களில் மழை". அந்தச் சொல்லுக்கு வானிலைத் துறையில் திட்டமான பொருள் உண்டு: அந்தப் பகுதியின் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம். அடுத்த படி 26 முதல் 50 சதவீதம், அதற்கடுத்து 51 முதல் 75, அதற்கும் மேல் போனால்தான் "பெரும்பாலான இடங்களில்". "கனமழை" என்ற சொல்லும் அப்படித்தான், ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ.; "மிக கனமழை" 12 முதல் 20; அதற்கு மேல் "அதி கனமழை".

இதைத் தெரிந்துகொண்டபிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். களத்தில் சின்ன வெங்காயம் காயும்போது ஓரிரு இடங்களில் மழை என்றாலே தார்ப்பாய் போட்டுவிடுவோம். போடுவதற்கு அரை மணி நேர வேலை, போடாமல் நனைந்தால் மொத்தமும் அழுகும். மருந்து அடிப்பதை அதற்காகத் தள்ளிப்போட மாட்டோம். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் மழை என்றால் மட்டும் நிறுத்துவோம். செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையை இப்போது அப்பாவே மேகதூத் செயலியில் தமிழில் படித்துவிடுகிறார்.

மழைமானி வைத்துக் கொடுத்தபோது அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தினமும் காலை 8:30-க்குப் பார்க்க வேண்டும், மழை பெய்யாத நாளுக்கும் சுழி எழுத வேண்டும், பார்க்க முடியாத நாளைக் காலியாக விட வேண்டும் என்று. சுழி என்றால் பார்த்தோம், மழை இல்லை. காலி என்றால் பார்க்கவில்லை. இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டு, முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்து நடுவில் ஒரு குறைந்தபட்ச வெப்பநிலையை நானே எழுதியிருந்தேன். கூண்டில் இருந்த, வெப்பநிலையைத் தானாகவே கோடாக வரையும் வெப்ப வரைவியின் தாளில் அன்று அதிகாலை வெப்பநிலை மூன்று டிகிரி இறங்கியிருந்தது. மேடம் என் எண்ணை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

போன முறை ஊருக்குப் போனபோது சமையலறைச் சுவரில் மாதக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு எண். பிப்ரவரி முழுக்கச் சுழிகள். நடுவில் இரண்டு நாள் மட்டும் காலியாக இருந்தது. கேட்டேன். "திருப்பூர்ல கல்யாணம் கண்ணு, ரெண்டு நாள் ஊர்ல இல்ல" என்றார்.